ரிவர்ஸ் எடுக்காத கோகிலாம்பாள்

அருப்புக்கோட்டையில் மிளகாய் வத்தல், மல்லி கமிஷன் கடை வைத்திருக்கும் இன்பராஜ் அண்ணாச்சியின் வீட்டுக்காரி கோகிலாம்பாள். அவள் கார் ஓட்டப் பழகியதே நாற்பத்தாறு வயதில்தான். ஆசைப்பட்டுப் பழகவில்லை. குடோனில் மூட்டை அடுக்கு சரிந்து அண்ணாச்சியின் வலது கால்மேல் விழுந்தது. கம்பி வைத்துக் கட்டியும் முட்டி மடங்கவில்லை. நீட்டின கால் நீட்டினபடியே நின்றுவிட்டது. அந்தக் காலை வைத்துக்கொண்டு பிரேக்கை மிதிக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

டிரைவர் வைக்கலாமென்றால் அண்ணாச்சிக்கு யாரும் ஒத்துவரவில்லை. ஒருத்தன் பறக்கிறான், இன்னொருத்தன் போனில் பேசிக்கொண்டே ஓட்டுகிறான், அடுத்து வந்தவன் காரில் பேசுகிற யாவாரப் பேச்சை எதிர்க்கடையில் போய்ச் சொல்கிறான். "அப்ப நானே ஓட்டுறேன்" என்று கோகிலாம்பாள் சொன்னபோது கேலிக்குச் சொல்கிறாள் என்றுதான் அவர் நினைத்தார். மறுநாளே அவள் பாளையம்பட்டியில் அனுசியா என்ற பெண் நடத்தும் டிரைவிங் ஸ்கூலில் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

முன்னால் ஓட்டுவதில் அவளைக் குறை சொல்ல முடியாது. தூத்துக்குடி ரோட்டில் பந்தல்குடி வரைக்கும், உறுமிக்கொண்டு வரும் லாரிகளுக்கு நடுவே நிதானமாகப் போய்த் திரும்புவாள். பின்னால் எடுப்பதுதான் வரவில்லை. லைசென்ஸ் கையில் வந்த முதல் வாரம், வீட்டு வாசலிலிருந்து காரை ரிவர்ஸ் எடுத்தாள். கேட்டுப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அண்ணாச்சி பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். உள்ளே போன் அடித்தது. கம்பை ஊன்றி எழுந்து நாலு எட்டு வைத்திருப்பார். பின்னால் 'படார்' என்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் நாற்காலி அப்பளமாகக் கிடக்கிறது, பேப்பர் மேல் டயர் நிற்கிறது.

"நான் எந்திரிச்சேன், நாற்காலி போச்சு" என்று அதை அவர் கடைக்கு வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். கோகிலாம்பாளுக்குச் சிரிப்பு வராது. அவர் எழுந்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்றுதான் அவளுக்கு ஓடும்.

அதோடு ரிவர்ஸைத் தலைமுழுகினாள். எங்கே போனாலும் நேராக நுழைந்து நேராக வெளியே வருகிற மாதிரி இடம் தேடுவாள். கிடைக்காவிட்டால் பஜாரை இரண்டு சுற்றுச் சுற்றி, எங்கேயோ நிறுத்திவிட்டு வெயிலில் நடப்பாள். மாட்டிக்கொண்டால் ரோட்டில் போகிற யாரையாவது கூப்பிட்டு, "தம்பி, கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்துக் குடுங்களேன்" என்று சாவியை நீட்டிவிடுவாள். முன்பின் தெரியாத ஆளிடம் காரைக் கொடுத்துவிட்டு ஓரமாக நிற்கிற அம்மாளை அந்த ஊரில் நிறையப் பேருக்குத் தெரியும்.

கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகள் சுகப்பிரியாதான் ஒருநாள் சொன்னாள். "அம்மா, இப்ப தானாவே பார்க் பண்ற காரு வந்துருச்சு. பட்டன அமுக்குனா போதும். நீ ஸ்டியரிங்கத் தொடவே வேண்டாம்."

"போடி, ஊர ஏமாத்துற வேல" என்றாள் கோகிலாம்பாள். ஆனாலும் மதுரைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று புருஷனைக் கிளப்பினாள்.

ஷோரூம்காரப் பையன் இரண்டு காருக்கு நடுவே இருந்த இடைவெளியைக் காட்டினான். அவளை டிரைவர் சீட்டில் உட்கார வைத்து, கையை மடியில் வைத்துக்கொள்ளச் சொன்னான். பட்டனை அமுக்கினான். ஸ்டியரிங் விறுவிறுவென்று தானாகச் சுழன்றது. வண்டி தானாகப் பின்னால் நகர்ந்தது. "ஆத்தாடி!" என்று அலறி அவள் இரண்டு கையையும் காதோடு தூக்கிக்கொண்டாள். அப்படியே கண்ணையும் மூடிக்கொண்டாள். திறந்து பார்த்தபோது வண்டி இரண்டு காருக்கும் நடுவில், கோடு போட்டு வைத்த மாதிரி நின்றது. அவள் முகத்தில் ஒரு சின்னப்பிள்ளைச் சிரிப்பு.

"இன்னொரு தடவ காட்டுங்க தம்பி" என்றாள்.

கார் வந்த பிறகு அருப்புக்கோட்டை பஜாரே கொஞ்ச நாள் அரண்டு போனது. ஜவுளிக்கடை முன்னால் அவள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க, ஸ்டியரிங் தனக்குத்தானே சுற்றுவதைப் பார்த்த பூக்காரம்மா கட்டிக்கொண்டிருந்த பூவை மடியில் போட்டுவிட்டு எழுந்தாள். "எம்மா, உள்ள எதுவும் ஏறியிருக்கா?" என்று கேட்டாள். டீக்கடையிலிருந்து ஆட்கள் கிளாஸோடு வந்து நின்று பார்த்தார்கள். "ஏலே, அந்தம்மா கையப் பாரு, கையப் பாரு!" என்று ஒருத்தன் கத்தினான். கோகிலாம்பாள் கதவைத் திறந்து, சேலை முந்தானையைச் சரிசெய்துகொண்டு, ஒன்றும் நடக்காதது போல இறங்கிப் போவாள். உள்ளுக்குள் பெருமை தாங்காது.

முதலில் திரையில் வரும் கேமரா படத்தை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். கால் பிரேக்மேலேயே இருக்கும். போகப் போக அந்தப் பயம் தெளிந்தது. பட்டனை அமுக்கிவிட்டுக் கைப்பையில் போனைத் தேடுவாள், கண்ணாடியில் பொட்டைச் சரிசெய்வாள். "அது பாத்துக்கிடும்" என்பாள். அண்ணாச்சிகூட, "உன்னய விட அதுக்குப் பொறுப்பு ஜாஸ்தி" என்று சொல்லிப் பின்சீட்டில் காலை நீட்டிச் சாய்ந்துவிடுவார். முன்சீட்டில் அந்தக் கால் அடங்காது. அதனால் எப்போதும் பின்சீட்டுதான் அவருக்கு.

வைகாசியில் திருச்சுழிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் கல்யாணம். கடைக்குப் பல வருஷமாக வத்தல் போடுகிற சங்கையா வீட்டுப் பெண்ணுக்கு. பத்திரிகையைத் தாம்பாளத்தில் வைத்து, "அண்ணாச்சியும் மதினியும் வந்து நின்னாத்தான் தாலி ஏறும்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். போகாமல் இருக்க முடியுமா?

திருச்சுழி தாண்டி மண் ரோடு. முன்னால் ஒரு டிராக்டர் நாற்காலிகளை ஏற்றிக்கொண்டு போனது. அது கிளப்பிய புழுதி காரை மூடிக்கொண்டே வந்தது. கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து ஓட்டினாள். ஊருக்கு வெளியே, சீமைக்கருவேலையை வெட்டித் துப்புரவாக்கிய பொட்டலில்தான் வண்டிகளை நிறுத்தச் சொல்லியிருந்தார்கள். ஏற்கனவே வேனும் காருமாக ஒரே வரிசை. நடுவில் ஒரு வண்டி நிற்கிற அளவுக்கு இடம் காலியாகக் கிடந்தது.

"இந்தா, நமக்குன்னே விட்டு வச்சிருக்காங்க" என்றாள் கோகிலாம்பாள்.

அந்த இடத்தைத் தாண்டிப் போய் நிறுத்தினாள். வண்டி இடத்தை அளந்து, டிங் என்று ஒலி கொடுத்து, சரி என்றது. பட்டனை அமுக்கினாள். முன்சீட்டில் இருந்த சீர்த் தாம்பாளத்தில் வெற்றிலை சரிந்திருந்தது. அதை அடுக்கக் கையை நீட்டினாள். பின்கேமராவில் புழுதி அப்பியிருந்ததால் திரை முழுக்க மங்கல். அதை அவள் பார்க்கவும் இல்லை. ஸ்டியரிங் சுழன்றது. வண்டி மெதுவாக, எப்போதும் போலப் பின்னால் நகர்ந்தது.

"எம்மா! எம்மா! கெணறு! நிறுத்தும்மா!"

எச்சில் இலையைக் கொட்ட வந்த மூக்கம்மாள் என்ற பெண் கூடையைத் தூக்கி எறிந்துவிட்டு, தலையில் அடித்துக்கொண்டு ஓடி வந்தாள். கோகிலாம்பாளுக்கு அவள் வாய் அசைவது தெரிந்தது. கல்யாண வீட்டு ரேடியோ சத்தத்தில் வார்த்தை விழவில்லை. ஆனால் அந்த முகம் போதும். இரண்டு காலையும் சேர்த்துப் பிரேக்கில் ஊன்றினாள்.

வண்டி நின்றது. நின்ற அதே நொடியில் பின்பக்கம் பொதுக்கென்று இறங்கியது. அடியில் கல்லில் உராய்ந்து 'கிரீச்' என்று ஒரு சத்தம். முன்கண்ணாடியில் இதுவரை தெரிந்த பொட்டலும் பந்தலும் கீழே போய் வெறும் வானம் தெரிந்தது. தாம்பாளம் சரிந்து, தேங்காயும் பழமும் உருண்டு பின்னால் அண்ணாச்சியின் காலடிக்குப் போயின.

பின்னால் எங்கேயோ கல் பெயர்ந்தது. அது விழுந்த சத்தம் உடனே வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, ரொம்ப ஆழத்தில் 'தொம்' என்று கேட்டது.

பழைய பம்புசெட்டுக் கிணறு. தண்ணீர் வற்றி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. கைப்பிடிச் சுவர் இடிந்து தரையோடு தரையாகப் போயிருந்தது. உள்ளூர்க்காரனுக்கெல்லாம் அது தெரியும் என்பதால்தான் அந்த இடத்தில் எவனும் வண்டியை விடவில்லை. வெளியூர் ஆட்களுக்காகச் சங்கையா வீட்டில் விடிகாலையிலேயே முள்ளை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். பந்தல் சாமான் ஏற்றி வந்த வண்டி திரும்பும்போது அந்த முள்ளை இழுத்துக்கொண்டு போய்விட்டது. யாரும் கவனிக்கவில்லை.

கோகிலாம்பாளின் கண்ணுக்கு நேரே திரையில் ஒரு பச்சை அம்புக்குறி, பின்னால் போ, பின்னால் போ என்று மின்னிக்கொண்டே இருந்தது.

"கோகிலா" என்றார் அண்ணாச்சி. குரல் குரலாக இல்லை. "அசையாத."

"என்னங்க, பின்னால என்ன இருக்கு?"

அவர் கழுத்தை மட்டும் திருப்பிப் பார்த்தார். "ஒண்ணும் இல்ல" என்றார். "ஒண்ணுமே இல்ல."

ஆட்கள் ஓடி வந்தார்கள். பத்துப் பதினைந்து வெள்ளை வேட்டிகள் காரைச் சுற்றி நின்று ஆளுக்கு ஒன்று கத்தின. பின்சக்கரம் இரண்டும் கிணற்றுக்கு மேலே அந்தரத்தில் தொங்குகின்றன, வண்டியின் அடிவயிறு விளிம்புக் கல்லில் உட்கார்ந்திருக்கிறது, முன்சக்கரம் மட்டும் மண்ணில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. டிரைவர் பக்கம் தரைதான். சங்கையாவின் தம்பி பாண்டீஸ்வரன் அந்தக் கதவருகே வந்து கையை நீட்டினான்.

"மதினி, நீங்க மொதல்ல எறங்குங்க. மெதுவா. நான் பிடிச்சுக்கிடுதேன்."

கதவுப் பிடிவரை அவள் கை போனது. அப்போதுதான் உறைத்தது. முன்னால் இருக்கிற கனம் அவள் ஒருத்திதான். அவள் இறங்கினால் பின்னால் அவர் மட்டும். அவர் கனம் ஊருக்கே தெரியும்.

"நான் எறங்குனா வண்டி தூக்கிருமே" என்றாள்.

பாண்டீஸ்வரன் நீட்டின கையை இழுத்துக்கொண்டான்.

"நீ எறங்கு கோகிலா" என்றார் அண்ணாச்சி பின்னாலிருந்து. "பிள்ளைக்கு ஓராளாவது வேணும்ல. எறங்கு."

"வாய மூடுங்க."

"சொன்னாக் கேளு. என் காலு மடங்காது. நான் எங்குட்டு ஏறி முன்னால வாரது?"

"வாய மூடுங்கங்கறேன்ல!" கல்யாணமான இருபத்தைந்து வருஷத்தில் அவள் அவரிடம் அப்படிக் கத்தினதே இல்லை. சொல்லி முடிக்கும்போதே அழுகை வந்துவிட்டது. அழுகையில் உடம்பு குலுங்க, வண்டி இலேசாக ஆடியது. பல்லைக் கடித்து அழுகையை விழுங்கினாள். காலை மட்டும் பிரேக்கிலிருந்து எடுக்கவில்லை.

"ஏலே, என்னலே பாத்துக்கிட்டு நிக்கிறீக? முன்னால ஏறி உக்காருங்க!" என்று மூக்கம்மாள் போட்ட சத்தத்தில்தான் எல்லாருக்கும் புத்தி வந்தது. பாண்டீஸ்வரன் சட்டென்று பானெட்டில் ஏறி உட்கார்ந்தான். அடுத்து இரண்டு பேர். மாப்பிள்ளை வீட்டார் என்றும் பெண் வீட்டார் என்றும் பார்க்காமல், பட்டு வேட்டியும் சந்தனப் பொட்டுமாக ஆட்கள் பானெட்டில் நெருக்கியடித்து ஏறினார்கள். இடம் கிடைக்காதவர்கள் முன்பம்பரைப் பிடித்துத் தொங்கினார்கள். முன்கண்ணாடி முழுக்க முதுகும் பிடரியும்தான். அந்த முதுகுகளை அவள் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டியின் முன்பக்கம் மெல்லத் தாழ்ந்து, அடிவயிறு கல்லில் அமர்ந்து நின்றது.

"மதினி, இஞ்சின ஆப் பண்ணுங்க" என்றான் பாண்டீஸ்வரன்.

"கைய எடுக்கவே பயமாருக்குய்யா."

"நாங்க இருக்கோம். பண்ணுங்க."

ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை மட்டும் எடுத்து, கியரைப் பார்க்கிங்குக்கு மாற்றி, இஞ்சினை அணைத்தாள். அம்புக்குறி மறைந்தது.

பின்கதவுக்குக் கீழே ஒரு ஆள் நிற்கிற அகலத்துக்குத்தான் மண் இருந்தது. இரண்டு பேர் குப்புறப் படுத்து, துண்டுகளை முடிந்து அண்ணாச்சியின் இடுப்பில் கட்டி, மடங்காத காலை ஒருத்தர் ஏந்திப் பிடிக்க, அவரை இழுத்தார்கள். அவர் உடம்பு வெளியே வரவர அவர் காலடியில் கிடந்த தேங்காய் ஒன்று உருண்டு வெளியே விழுந்தது. விளிம்பில் ஒருமுறை தட்டி, கிணற்றுக்குள் போனது. அது உடைகிற சத்தத்தை எல்லாரும் கேட்டார்கள்.

அவரைப் பத்தடி தள்ளி உட்கார வைத்த பிறகுதான் கோகிலாம்பாள் கதவைத் திறந்தாள். காலைத் தரையில் வைத்ததும் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். தவழ்ந்துதான் புருஷன் பக்கம் போனாள். இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, வாயைத் திறந்தபடி அந்தக் கிணற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பந்தலில் கெட்டிமேளம் கொட்டியது. சங்கையா பெண்ணுக்குத் தாலி ஏறியது. பாதிச் சொந்தக்காரர்கள் காரின் பானெட்டில் இருந்தார்கள்.

நாற்காலி ஏற்றி வந்த டிராக்டரே கயிறு கட்டிக் காரை வெளியே இழுத்தது. சங்கையா ஓடி வந்து, இரண்டு கையையும் கூப்பித் தேம்பினார். "உங்க மேல என்னய்யா தப்பு" என்று அண்ணாச்சி சொன்னார். கூட்டத்தில் எவனோ, "பொம்பளைக வண்டி ஓட்டுனா இப்படித்தான்" என்றான். அண்ணாச்சி கம்பை ஊன்றி எழுந்து நின்றார்.

"எவம்லே அவன்? நான் பின்னால இருக்கேன்னு எறங்க மாட்டேன்னு உக்காந்துருந்தா அவ. நீ உக்காருவியா?"

பேசினவன் கூட்டத்துக்குள் நழுவிவிட்டான்.

கல்யாணச் சாப்பாட்டுக்கு அவர்கள் உட்காரவில்லை. பாண்டீஸ்வரன்தான் ஒரு வாடகைக் காரில் அவர்களை வீட்டில் கொண்டுவந்து விட்டான். ரொம்ப நாளைக்குக் கோகிலாம்பாளின் வலது கால் அவள் சொல்பேச்சு கேட்கவில்லை. கடையில் கல்லாவில் உட்கார்ந்திருப்பாள், யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் கால் தரையை ஓங்கி மிதிக்கும். வீட்டில் டிவி பார்க்கும்போதும் மிதிக்கும். மகள் லீவு போட்டு ஓடி வந்து கட்டிப்பிடித்து அழுதாள். "நான்தாம்மா வாங்கச் சொன்னேன்" என்றாள். "நீ என்ன செய்வ, கெணறு இருந்தது உனக்குத் தெரியுமா" என்றாள் தாய்.

அடிப்பாகத்தைச் சரிபார்க்கக் கார் மதுரைக்குப் போனபோது அவளும் கூடப் போனாள். சர்வீஸ் மேனேஜரிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"பூனை குறுக்க வந்தாக்கூட நிக்குதே தம்பி. கெணறு எப்படித் தெரியாமப் போச்சு?"

அந்தப் பையன் நல்ல பையன். மழுப்பாமல் சொன்னான். "எதிர்ல ஏதாவது பொருள் இருந்தாத்தாம்மா சென்சாருக்குத் தெரியும். பள்ளம்னா அங்க ஒண்ணும் இல்லல. அது காலி இடம்னுதான் நெனைக்கும்."

"இது முன்னாலயே உங்களுக்குத் தெரியுமா?"

"எல்லாருக்கும் தெரியும்மா. பின்னாடி பாத்துக்கிடணும்னு புக்குலயும் போட்டுருக்கு."

கோகிலாம்பாள் அவனையே பார்த்தாள். கிணற்று விளிம்பில் தொங்கினபோதுகூட அவளுக்கு இப்படித் தலை சுற்றவில்லை. எதையும் பார்க்கும் என்று அவள் நம்பிய வண்டிக்குக் கிணறும் காலி இடமும் ஒன்று. எல்லாருக்கும் தெரியும் என்கிறான். தினமும் அதில் உட்கார்ந்தவளுக்குத் தெரியாது. திட்ட வேண்டுமென்று வாயைத் திறந்தாள், யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. பொட்டையும் வெற்றிலையையும் பார்த்துக்கொண்டிருந்தது அவள்தானே.

காரை விற்றுவிடலாம் என்றார் அண்ணாச்சி. கொஞ்ச நாள் கழித்து ஒரு காலையில் அவள் பாளையம்பட்டிக்கு பஸ் ஏறினாள். அனுசியா வாசலிலேயே பார்த்துவிட்டு, "என்னக்கா, லைசென்ஸ் வாங்கிட்டுத் திரும்ப வாரீக?" என்று கேட்டாள்.

"ரிவர்ஸ் மட்டும் சொல்லிக் குடு. நீ அன்னைக்குச் சொல்லிக் குடுத்தத நான் காதுல வாங்கல."

பொட்டல் மைதானத்தில் அனுசியா கல்லை வைத்துப் பழக்கினாள். கழுத்தைத் திருப்பிப் பார்த்து, வண்டியைப் பின்னால் விட்டதும் கோகிலாம்பாளுக்கு வேர்த்துக் கொட்டியது. ஒரு வண்டி நீளம் போனதும் பிரேக்கை மிதித்து நிறுத்தி, ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். மறுநாளும் வந்தாள். அதற்கு அடுத்த நாளும். கடைசிவரைக்கும் அவள் அதில் கெட்டிக்காரியாகவில்லை. கோணல்மாணலாகத்தான் நிறுத்துவாள், இரண்டு மூன்று தடவை முன்னும் பின்னும் இழுப்பாள். ஆனால் சாவியை யாரிடமும் நீட்டுவதில்லை.

காரையும் விற்கவில்லை. நெருக்கடியான இடத்தில் இப்போதும் அந்தப் பட்டனை அமுக்குகிறாள். போன மாதம் காரியாபட்டியில் சந்தை நாள். இரண்டு வேன்களுக்கு நடுவே சந்து கிடைத்தது. கோகிலாம்பாள் ரோட்டிலேயே வண்டியை நிறுத்தினாள், இறங்கினாள். பின்னால் நடந்து போய், அந்தச் சந்துக்குள் நின்று, தரையைச் செருப்பால் ஓங்கி மிதித்துப் பார்த்தாள். பஸ்காரன் ஹாரனை விடாமல் அடித்தான். "எம்மா, என்னம்மா செய்யுதீக அங்க? வண்டிய எடுங்க!" என்று கத்தினான்.

"இருய்யா, வாரேன்" என்று சொல்லிவிட்டு, அவள் இன்னொரு தரம் மிதித்துப் பார்த்தாள்.